முட்டை தீர்த்தகிரி பெரிய ஆளான விதம்

சின்னக்கரடு காவல் நிலையத்தில் பதினோரு வருடம் ரைட்டராக இருந்தவர் ஏட்டு பாக்கியநாதன். புகார்களை எழுதுவது, முதல் தகவல் அறிக்கை எழுதுவது, பத்திரிகைக்குச் செய்திக் குறிப்பு எழுதுவது எல்லாம் அவர் வேலை. அந்த வேலைக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலான எழுத்து அவரிடம் இருந்தது. தொந்தரவே அதுதான்.

முன்பெல்லாம் சேலத்தில் தன் பங்குக் கோயிலுக்கு வருடாவருடம் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் யூதாசுக்கு அவர் எழுதிய வசனத்தைக் கேட்டுப் பெண்கள் பக்கம் விம்மி விம்மி அழுதது. புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை, "அழ வேண்டியது சிலுவையில் தொங்குகிறவருக்காக அல்லவா?" என்று கேட்டார். அடுத்த வருடம் திருச்சியிலிருந்து ஒலிநாடா வாங்கி வந்து, அதற்கு வாயசைத்து நடித்தார்கள். அன்றிலிருந்து பாக்கியநாதனின் பேனாவுக்குப் போக்கிடம் ஸ்டேஷன் காகிதம் ஒன்றுதான். வெள்ளாடு காணாமல் போனதாக ஒருவர் கொடுத்த புகாரில் "கரிய நிறமும் கனிந்த பார்வையும் உடைய" என்று அவர் எழுதியதைப் படித்த இன்ஸ்பெக்டர் வெள்ளியங்கிரி, "ரைட்டரே, காணாமப் போனது ஆடா, அவரோட சம்சாரமா?" என்று கேட்டார்.

எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதக் காலையில், சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையில் வாகனச் சோதனை நடந்தது. முட்டை லாரி ஒன்றை நிறுத்தியதும் டிரைவர் குதித்துச் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டான். மேலே தார்ப்பாயில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனர் மட்டும் சிக்கினான். ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்த அவன் பெயர் தீர்த்தகிரி. ஊர், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காட்டுக்கொட்டாய். வயது இருபத்தொன்பது. ஆள், காற்றடித்தால் பிடித்துக்கொள்ளக் கம்பம் தேடுகிற உடம்பு.

லாரியில் அடிவரிசை முட்டை அட்டைகளுக்கு நடுவே, பழுப்பு டேப் சுற்றிய இரண்டு பொட்டலம் இருந்தது. மொத்தம் நாலு கிலோ கஞ்சா.

"டிரைவரு மாட்டுத் தீவனம்னு சொன்னாருங்க. நானும் மோந்து பாக்கலீங்க" என்றான் தீர்த்தகிரி. அவன் சொன்னது பெரும்பாலும் உண்மை என்று பாக்கியநாதனுக்குத் தோன்றியது. ஆனால் வெள்ளியங்கிரி ஆறு மாதமாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் பிடித்திருக்கவில்லை. பிடித்த ஒரே மணல் லாரியையும் போன் வந்து விட்டுவிட வேண்டியதாயிற்று. "ரைட்டரே, கொஞ்சம் நல்லா எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

நல்லா எழுது என்று பாக்கியநாதனிடம் யாரும் சொல்லி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

படிவத்தில் பட்டப்பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. "உனக்குப் பட்டப்பேர் என்ன?" என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஊட்டுல கிரின்னு கூப்புடுவாங்க."

கிரி என்பது கட்டத்தை நிரப்பவில்லை. பாக்கியநாதன் நிமிர்ந்து பார்த்தார். சோதனையில் உடைந்த அட்டையிலிருந்து எடுத்த முட்டைகளைக் காவலர்கள் வேகவைத்து உப்பு தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். 'முட்டை' என்று எழுதினார். அவன் லாரியில் இரண்டு முறை ஆந்திராவும் ஒரு முறை ஒடிசாவும் போய் வந்தவன் என்பதால் செய்திக் குறிப்பில் "பல மாநிலங்களில் வேர் பரப்பியவன்" என்று ஒரு வரி சேர்ந்தது. "முட்டை அட்டைகளுக்குள் மறைத்து" என்றும் எழுதியிருந்தார். பத்திரிகை அலுவலகத்தில் யாரோ இடம் போதாமல் ஒரு வார்த்தையை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை நாமக்கல் ஜில்லா முழுவதும் படித்தது, "முட்டைகளுக்குள் மறைத்து" என்று.

வெள்ளியங்கிரி பேப்பரை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு, "முட்டைக்குள்ளயா வெச்சிருந்தான்?" என்று கேட்டார். முந்தின நாள் பொட்டலத்தைத் தன் கையால் எடுத்தவரே அவர்தான்.

"இல்லீங்கய்யா, அட்டைக்குள்ள. ஒரு வார்த்தை விட்டுப் போச்சு. மறுப்பு கொடுத்துடலாமா?"

வெள்ளியங்கிரி டீ குடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தார். "எஸ்.பி. போன் பண்ணிப் பாராட்டிட்டாரு. இப்ப மறுப்பு கொடுத்தா, அவரு பாராட்டுனது தப்புன்னு நாம சொன்ன மாதிரி ஆயிராது?"

அப்படியே விட்டுவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து ஜாமீனில் வந்த தீர்த்தகிரி, தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. முதல் நாள் மச்சானின் மொபெட்டில் வந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் மேசை ஓரத்திலேயே நின்றான்.

"ஏனுங்க ரைட்டரய்யா, உள்ள போன அன்னைக்கு என்னையக் கக்கூஸ் பக்கத்துல படுக்கப் போட்டாங்க. ரெண்டாம் நாளு பேப்பர் வந்துச்சு. மூணாம் நாளு ஃபேனுக்கு அடியில எடம் ஒதுக்கிக் குடுத்துட்டாங்க. எவ்வளவு பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் வந்து, முட்டை ஓடு ஒடையாம உள்ள எப்படி அடைச்சேன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தொழில் ரகசியம்னு சொல்லிப்போட்டேனுங்க."

பாக்கியநாதன் சிரித்துவிட்டார். பெண்கள் பக்கம் அழுதபோது வயிற்றுக்குள் ஓடிய அதே குறுகுறுப்பு அன்றைக்கும் ஓடியது. அதற்காகப் பிற்பாடு வெகுவாக வருந்தினார். ஆனால் ஓடியது ஓடியதுதான்.

ஸ்டேஷனுக்கு எதிரே சென்னம்மாளின் டீக்கடை. புருஷன் போன பிறகு தனியாளாக நின்று நடத்துகிறவள். வாயும் கையும் ஒரே வேகம். முதல் வாரம் தீர்த்தகிரி வாடிப்போய் நிற்பதைப் பார்த்து அவள்தான் ஒரு பன்னும் டீயும் கொடுத்தாள். மொபெட் இரண்டு மாதத்தில் புல்லட் ஆயிற்று. புல்லட் ஒரு வருடத்தில் வெள்ளைக் கார் ஆயிற்று. சிறையில் முட்டை ரகசியம் கேட்ட பெரிய ஆட்கள் வெளியே வந்து அவனைத் தேடினார்கள். சரக்கு கேட்டார்கள். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சோளக்காட்டுக்குள் ஓடிய டிரைவரைத் தேடிப் பிடித்தான். இல்லாத தொழிலைத் தலைவனாகவே தொடங்கினான். அவன் நல்லவன் இல்லை. நாலு கிலோவுக்குத் தெரியாமல் மாட்டியவன், அப்புறம் தெரிந்தேதான் விற்றான்.

கையெழுத்துப் போடும் நேரத்துக்கு அவனைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கல்லூரிப் பையன்கள் செல்ஃபி எடுக்கப் பஸ் ஏறி வந்தார்கள். "அவன் வர்ற நேரத்துக்கு மட்டும் ரெண்டு கேன் பால் சேத்தி வாங்க வேண்டியிருக்குதுங்க" என்று சென்னம்மாள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். இப்படியே நாலைந்து வருடம் போன பிறகு, அவள் மகள் யாழினி நெடுஞ்சாலையோரத்துக் கல்லூரி ஒன்றில் மருந்தியல் சேர்ந்தாள். கடையில் அவள் புத்தகத்தை விரித்தால் சுற்றியிருக்கிற எவரும் சத்தமாகப் பேசக் கூடாது.

தீர்த்தகிரியின் புகழ் அவனைவிட வேகமாக வளர்ந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் இருநூறு பெண்கள் உட்கார்ந்து ஊசியால் முட்டையைத் துளைத்துச் சரக்கு அடைக்கிறார்கள் என்று ஒரு யூடியூப் சேனல் சொன்னது. அதெல்லாம் பழைய முறை, இப்போது கோழித் தீவனத்திலேயே கலந்துவிடுகிறார், முட்டையே போதையோடு வெளியே வருகிறது என்றது இன்னொரு சேனல். அந்த வாரம் நெடுஞ்சாலைத் தாபாக்களில் ஆஃப்பாயிலுக்கு இடம் கிடைக்கவில்லை. தின்ற நாலைந்து பேர் தலை சுற்றுவதாகவே சொன்னார்கள்.

சென்னையிலிருந்து தனிப்படை ஒன்று வந்தது. அதன் அதிகாரிக்கு மீசையும் அவசரமும் பெரிது. ஒரு வைகாசிக் காலையில் மூன்று முட்டை லாரிகளை மறித்து, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்கும்படி உத்தரவிட்டார். பன்னிரண்டு காவலர்கள் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் இருபதாயிரம் முட்டை உடைந்தது. வெயிலில் தார் ரோட்டில் வழிந்தது தானாகவே வெந்தது. மூன்று ஊர் நாய்கள் வந்து சேர்ந்தன. சுற்றுவட்டார ஜனம் குடமும் அண்டாவுமாக வரிசையில் நின்று வாங்கிப் போனது. அன்று சின்னக்கரட்டில் முட்டைக் குழம்பு வைக்காத வீடு ஐயர் வீடு ஒன்றுதான், அங்கேயும் பின்வாசல் வழியாகக் கேட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

கஞ்சா ஒரு துளிகூட இல்லை.

பாக்கியநாதன் அறிக்கையில், "முட்டைகளுக்குள் முட்டையே இருந்தது" என்று எழுதினார். அவர் அந்த ஸ்டேஷனில் எழுதியவற்றில் அதைவிட உண்மையான வரி இல்லை. தனிப்படை அதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"அரசாங்கத்துக்கு இப்படியா எழுதுவீங்க? நாம ஏன் கோட்டை விட்டோம்னு ஒரு காரணம் வேணாமா?"

பாக்கியநாதன் உட்கார்ந்து யோசித்தார். "சதுரங்கத்தில் பத்துக் காய் நகர்வை முன்கூட்டியே சிந்திப்பவன்" என்று எழுதினார். சத்தியமாகச் சொன்னால், அந்த வரி அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டில் ஞானமேரியிடம் படித்துக்கூடக் காட்டினார்.

"தாயம் ஆடத் தெரியுமா அவனுக்கு?" என்றாள் ஞானமேரி.

அடுத்த மாதம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நாற்பதடி பேனர் வைத்தார்கள். அன்னதானம் உபயம் தீர்த்தகிரி. அவன் படத்துக்குக் கீழே, பத்திரிகைகள் எடுத்துப் போட்டபடியே, எழுத்து மாறாமல், பத்துக் காய் நகர்வு. கையெழுத்துப் போட வந்த தீர்த்தகிரி மேசைமேல் விபூதிப் பொட்டலத்தை வைத்து, "நீங்க எழுதுனதுதானுங்க எல்லாமே" என்றான். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பாக்கியநாதன் தான் எழுதிய பழைய குறிப்புகளை எடுத்துத் திரும்பப் படித்தார்.

யாழினி மூன்றாம் வருடம் போனபோது சென்னம்மாளின் வேகம் குறைந்தது. டீயில் சர்க்கரை போட மறந்தாள். கேட்டால், "புள்ளைக்கு ஒடம்பு சொகமில்லீங்க" என்றாள். புத்தகத்தை விரித்து உட்கார்கிற பெண், கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கினாள். எழுப்பினால் யாரையோ பார்ப்பதுபோலத் தாயைப் பார்த்தாள். ஒருநாள் குளியலறைக் கதவை உடைத்துத்தான் தூக்க வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்துச் சென்னம்மாள் ரோட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்குள் வந்தாள். இத்தனை வருடத்தில் டீ கொண்டுவராமல் வெறுங்கையோடு அவள் உள்ளே வந்தது அன்றுதான்.

"வலி மாத்திரைங்களாம். அதையக் கரைச்சு ஊசியில ஏத்திக்கறாங்களாம். காலேஜுல பாதிப் பேரு இப்படித்தானாம். எங்கடி வாங்குனேன்னு கேட்டா, முட்டைக்காரரு சரக்குன்னு சொல்லித்தான் குடுக்கறாங்கங்கறா. என்ற கையால பன்னு குடுத்தனே அவனுக்கு."

பாக்கியநாதன் எழுதினார். அன்றைக்கு ஓர் அடைமொழிகூட வரவில்லை. யாழினி என்ற பெண்ணின் வயது, எத்தனை மாதமாக, எந்த மாத்திரை. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

வெள்ளியங்கிரி படித்துவிட்டு மடித்தார். "யார் வித்தாங்கன்னு பேரில்ல, எடமில்ல. முட்டை மேல ஏற்கெனவே பதினேழு கேஸ் ஓடுது. பதினெட்டாவதா இதையும் அவன் மேலயே போட்டு வெய்யுங்க."

"அவன்தான் வித்தான்னு தெரியாதுங்களேய்யா."

"இந்த ஜில்லாவுல இனி எது நடந்தாலும் அவன்தான், ரைட்டரே. நமக்கும் சுலபம், ஜனங்களுக்கும் சுலபம்."

யாழினியை ஆத்தூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்க ஞானமேரிதான் ஏற்பாடு செய்தாள். சென்னம்மாள் வாரம் ஒருநாள் கடையை அடைத்துவிட்டுப் போய் வந்தாள். பதினெட்டாவது வழக்கு காகிதக் கட்டுக்குள் படுத்துக்கொண்டது.

தீர்த்தகிரியின் வீழ்ச்சிக்குப் போலீஸ் காரணமில்லை. கேரளத்திலிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்தான். தனக்குச் சரக்கு முட்டைக்குள்ளேதான் வேண்டும் என்றான். "அட்டைக்குள்ள வச்சுத் தர நாட்டுல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் உங்களைத் தேடி வந்ததே அந்த வித்தைக்குத்தான்" என்று சொன்னானாம். எனக்கு அந்த வித்தை தெரியாது என்று எட்டு வருடப் புகழை எப்படிக் கீழே போடுவது? தீர்த்தகிரி ஒப்புக்கொண்டான்.

மூடிக் கிடந்த கோழிப்பண்ணை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஆறு பெண்களை உட்காரவைத்தான். முட்டையில் ஓட்டை போட்டுக் கருவை ஊதி வெளியேற்றி, தூளை அடைத்து, மைதா பசையால் மூடினார்கள். ஒரு முட்டைக்குப் பத்து நிமிடம். பாதி கையிலேயே உடைந்தது. அடைத்தவற்றில் ஓட்டோடு ஒட்டிக் கிடந்த மிச்சக் கரு அக்கினி நட்சத்திர வெயிலில் அழுகத் தொடங்கியது. வேறு யாரையும் நம்பாமல் தீர்த்தகிரியே லாரியில் ஏறினான். எல்லைக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடி நெருங்கும்போது முட்டைகள் ஒவ்வொன்றாகப் படீரென்று வெடித்தன. நாற்றம் தாங்காமல் முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி ஓடினார்கள். கெட்டுப்போன சரக்கைக் கொண்டுபோய் விற்கிறான் என்று சுகாதாரக் குற்றத்துக்காகத்தான் ஓர் இளங்காவலர் லாரியை ஓரங்கட்டினார். அப்போது தீர்த்தகிரி கீழே இறங்கி, லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பத்திரிகைகள், சிறைக்குள் இருக்கும் எதிரிகளைச் சந்திக்க அவனே திட்டமிட்டுச் சரணடைந்ததாக எழுதின. நல்லவேளை, அதை எழுதியது பாக்கியநாதன் இல்லை.

பழைய வழக்குகள் இங்கே இருந்ததால் அவனைச் சேலம் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பாக்கியநாதனுக்குச் சொல்லி அனுப்பினான். ஜாமீன் மனு எழுத வேண்டும், தான் சின்ன ஆள் என்று கோர்ட் நம்பும்படி எழுத அவரை விட்டால் ஆளில்லை. பாக்கியநாதன் பார்க்கப் போனார். கூடவே சென்னம்மாளையும் அழைத்துப் போனார்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தீர்த்தகிரி சர்க்கரை நோயில் பாதியாக வற்றியிருந்தான். சென்னம்மாளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"என்ற புள்ளைக்கு மாத்திரை குடுத்தது நீயா?" என்று கேட்டாள் சென்னம்மாள்.

"அக்கா, கஞ்சா வித்தேனுங்க. அது என்ற பாவம், அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். மாத்திரை ஒண்ணு நான் தொட்டதில்லீங்க."

"உன்ற பேரைச் சொல்லித்தானே குடுத்தாங்க."

"பேரு என்ற கையில இல்லீங்கக்கா. எவன் எவனோ எடுத்துக்கிட்டான். எனக்கே தெரியாம எனக்கு ஓசூர்ல ஒரு கேங் இருக்குதுங்களாம்."

"அப்ப குடுத்தது ஆரு?"

தீர்த்தகிரி பாக்கியநாதனைப் பார்த்தான். பாக்கியநாதன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "நீ சொல்றதை எழுதறேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன்" என்றார்.

"காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்ல மெடிக்கல் வெச்சிருக்கறாரே, சின்னராஜ், அவருங்க. டாக்டர் சீட்டில்லாம அட்டை அட்டையாத் தருவாரு. கேட்டா முட்டைக்கிட்ட இருந்து வருதுன்னு சொல்லிக்குவாரு. எனக்கு ஒரு தீவாளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புனாருங்க, பேரை உபயோகிச்சதுக்கு."

சின்னராஜைச் சின்னக்கரட்டில் தெரியாதவர்கள் கிடையாது. ஸ்டேஷனுக்கு எட்டுக் கண்காணிப்புக் கேமரா வாங்கிக் கொடுத்தவர். போதை ஒழிப்புப் பேரணியில் வருடாவருடம் கொடியசைப்பவர். வெள்ளியங்கிரி உட்காருகிற சுழல்நாற்காலியின் முதுகில், உபயம் என்று அவர் பெயர் இருந்தது.

அந்த நாற்காலியில் சாய்ந்தபடிதான் வெள்ளியங்கிரி தீர்த்தகிரியின் ஐந்து வரி வாக்குமூலத்தைப் படித்தார். "இதுல என்னங்க இருக்கு? மெடிக்கல்ல மாத்திரை விக்கறாங்கங்கறான். மெடிக்கல்ல மாத்திரை விக்காம முறுக்கா விப்பாங்க?"

"சீட்டு இல்லாம விக்கறாருங்கய்யா. ஒருதடவை போய்ப் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

"நாலு மாசத்துல நீங்க ரிட்டயர்டு. நிம்மதியாப் போங்க. இதுல கதையே இல்லை, ரைட்டரே."

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். சென்னம்மாள் டீ ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஒத்தைச் செருப்போட வந்த கிளீனரை இத்தனை பெரிய ஆளாக்கிப்போட்டீங்களே அய்யா. இந்தச் சின்னராஜையும் கொஞ்சம் ஆக்கி உடுங்க."

மூன்று நாள் அந்த ஐந்து வரியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது ஞானமேரியிடம் சொன்னார். "ஒரு பொய் எழுதலாமான்னு பாக்கிறேன்."

ஞானமேரி முக்காட்டுத் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள். "இத்தனை நாள் என்னங்க எழுதினீங்க?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் ஐந்து வரியையும் திரும்ப எழுதினார். பெயர், இடம், மாத்திரை எல்லாம் தீர்த்தகிரி சொன்னபடியே இருந்தன. "கடைக்குள் வைத்து" என்று இருந்ததை மட்டும் "கடையின் சுரங்கத்துக்குள் வைத்து" என்று மாற்றினார். பேனாவை மூடினார். மறுபடி திறந்து, சுரங்கத்துக்கு முன்னால் "நீண்ட" என்று சேர்த்தார். பழைய செய்தியில் அட்டையை விட்டுவிட்ட அதே பத்திரிகைக்கு அது பெயரில்லாமல் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை செய்தி வந்தது. புதன்கிழமைக்குள் சுரங்கம் மெடிக்கலிலிருந்து கல்லூரி விடுதிவரை போயிற்று. வெள்ளிக்கிழமை அது கெங்கவல்லியில் போய் முடிவதாக ஒரு சேனல் வரைபடத்தோடு காட்டியது. சென்னம்மாள் கடையில், சுரங்கத்துக்குள் டாடா ஏஸ் போவதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் அது டாடா ஏஸ் இல்லை, தோஸ்த் என்று திருத்தினார். பாக்கியநாதன் குனிந்து டீயைக் குடித்தார்.

சுரங்கம் என்றதும் மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. தனிப்படை ஒரு ஜே.சி.பி.யோடு வந்தது. கூடவே சாட்சிக்காக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து அறிவுச்செல்வி என்ற இளம் அதிகாரியையும் அழைத்து வந்திருந்தார்கள். சின்னராஜ் வாசலில் நின்று எல்லாருக்கும் மோர் கொடுத்தார். சுரங்கம் இல்லை என்று உலகத்திலேயே உறுதியாகத் தெரிந்தவர் இரண்டு பேர். அவரும் பாக்கியநாதனும்.

"நல்லாத் தோண்டுங்க சார். எம்பேர்ல இருக்கற களங்கம் போகட்டும்" என்றார் சின்னராஜ்.

தோண்டுவதற்கு அலமாரிகளை நகர்த்த வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்த பெட்டிகளை வெளியே எடுத்து வைத்தார்கள். தோண்டுகிற வரைக்கும் வேலையில்லாமல் நின்ற அறிவுச்செல்வி பெட்டிகளின் மேலிருந்த பெயரைப் படித்துப் பார்த்தாள். ஒரு பெட்டியைத் திறந்தாள். அடுத்ததையும் திறந்தாள். பதினோரு பெட்டி, எல்லாம் ஒரே மாத்திரை.

"இதுக்கு பில் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

சின்னராஜின் கையில் மோர்ச் செம்பு அப்படியே நின்றது.

அவரை ஜீப்பில் ஏற்றின பிறகும் தனிப்படை தோண்டுவதை நிறுத்தவில்லை. நாலடியில் பாறை வந்தது. குடிநீர்க் குழாய் உடைந்து கல்லூரிக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. சுரங்கத்தைச் சின்னராஜ் முன்கூட்டியே தூர்த்துவிட்டதாக அறிக்கை தயாரானது. எழுதச் சொல்லிப் பாக்கியநாதனிடம் வந்தபோது, கண்ணில் புரை என்று சொல்லிவிட்டார்.

சின்னராஜோடு சேர்ந்து கல்லூரியைச் சுற்றி விற்றுக்கொண்டிருந்த ஆறேழு பேரும் மாட்டினார்கள். வெள்ளியங்கிரிக்குப் பதக்கம் கிடைத்தது. நாற்காலியின் முதுகில் மட்டும் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். தீர்த்தகிரிக்கு மனுவை உள்ளது உள்ளபடி பாக்கியநாதன் எழுதிக் கொடுத்தார். கஞ்சா விற்றதையும் மறைக்காமல், மற்றதெல்லாம் பேச்சு என்று எழுதினார். கோர்ட் நம்பவில்லை. இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு எளிமையான மனுவா என்று அரசு வக்கீல் சந்தேகப்பட்டார். மனு தள்ளுபடி ஆயிற்று. அதைவிடத் தீர்த்தகிரிக்கு வேறொரு வருத்தம் பெரிதாக இருந்தது. பார்க்க வந்த மச்சானிடம் சொல்லி அனுப்பியிருந்தான்: "சின்னராஜ் உள்ள வந்ததுல இருந்து எல்லாரும் அவரையத்தான் சுத்தி உக்காந்துக்கறாங்க. அந்தச் சுரங்கத்துல எனக்கும் ஒரு பங்கு இருக்குதுன்னு ரைட்டரய்யா ஒரு வரி போட்டிருக்கலாமுங்க."

பாக்கியநாதன் ஓய்வு பெற்றார். சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். ஓய்வூதியக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க கார்த்திகை மாதத்தில் ஒருநாள் ஸ்டேஷனுக்கு வந்தவர், எதிரே கடைக்குப் போனார். கல்லாவுக்குப் பக்கத்தில் யாழினி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் கண் எதிரே இருப்பவரைப் பார்த்தது. ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறதாம். படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கல்லூரியில் கேட்டிருக்கிறார்களாம்.

பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் இன்னொருவருக்குச் சுரங்கத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கெல்லாம் போட்டு, குளுகுளு வசதி செய்து, வேலைக்கு வடக்கத்தி ஆட்களை வைத்திருந்தார்களாம்.

"சுரங்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றாள் யாழினி. "கவுண்டர்லயேதான் குடுத்தாங்க. நான் போய் நின்னு வாங்கியிருக்கறேன்."

டிரைவர் அவளைப் பார்த்தார். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்பதுபோலச் சிரித்தார். பிறகு நண்பர் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

யாழினி மறுபடியும் சொல்லப் போனாள். சென்னம்மாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "சொல்லு சாமி, நீ சத்தமாவே சொல்லு" என்றாள். பாக்கியநாதன் நகர்ந்து டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பாப்பா சொல்றது வாஸ்தவந்தாங்க, தம்பி" என்று ஆரம்பித்தார். டிரைவர் அதையும் நம்பவில்லை. டீ நன்றாக இருந்ததென்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.